விழாத மலைக்கு ஊதிய சங்கு

ஜெபமலருக்கு வாயில் முதலில் வருவது "முடியாது" என்ற சொல்தான் என்று அவளுடைய அம்மாவே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். ஒருமுறை பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் தாய், "கல்யாணத்துக்கு அப்பறம் இந்தக் கூரை ஏறுற வேலைய விட்டுருவதானேம்மா?" என்று கேட்டாள். தேத்தண்ணித் தட்டைக் கீழே வைக்காமலேயே "முடியாதுங்க" என்றாள் ஜெபமலர். வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். முப்பத்து மூன்று வயதில் அவள் இன்னும் கூரைதான் ஏறிக்கொண்டிருந்தாள்.

பதுளை டவுனில் நௌபர் வைத்திருந்த கடையில் அவளுக்கு வேலை. கண்காணிப்புக் கெமரா பூட்டுவது, இன்டர்நெட் இழுத்துக் கொடுப்பது, தேயிலை ஃபெக்டரிகளில் மெஷின்களின் கணக்கைக் கொழும்புக்கு அனுப்புகிற கருவிகளைப் பொருத்துவது என்று எல்லாம் அந்தக் கடையில் நடக்கும். நௌபரை அவள் அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவாள். அவரும் அவளைக் கூடப்பிறந்தவள் மாதிரிதான் நடத்துவார்; அதாவது, கண்ணில் பட்டதற்கெல்லாம் ஏசுவார், மத்தியானம் அவள் சாப்பிடாமல் தான் சாப்பிடமாட்டார்.

அவள் பிறந்தது கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில். பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது லயத்துக்குப் பின்னால் மலையில் ஒரு வெடிப்பு விட்டது. முதலில் கை நுழையும் அளவு. பிறகு கால் நுழையும் அளவு. ஆட்கள் போய் ஆபிசில் சொன்னார்கள். "சனங்கள பயமுறுத்தாதீங்க" என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக் கொண்டுவந்து சொன்னவர் ஜெபமலரின் அப்பா. ஒரு மழை நாளில் எல்லோரும் கொழுந்து பறிக்கப் போயிருக்க, மண் இறங்கி வந்து லயத்தின் நாலு காம்பரா வீடுகளை மூடியது. காய்ச்சலோடு பாய் போட்டுப் படுத்திருந்த அவளுடைய சித்தி மட்டும் உள்ளே இருந்தாள்.

அதற்குப் பிறகு அந்த லயத்துக் குடும்பங்களை ஓடாமல் கிடந்த ஒரு பழைய ஃபெக்டரியில் குடியேற்றினார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். கொழுந்து வாட்டும் மேல்மாடியில், சாக்கால் தடுத்த அறையில் இருந்தபடியே ஜெபமலர் படித்து, பரீட்சை எழுதி, பதுளைக்குத் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய், வேலையிலும் சேர்ந்துவிட்டாள். அந்தக் கொஞ்ச நாள் அப்போதும் முடிந்திருக்கவில்லை.

லுணுகலைக்கு அப்பால் நீர்ப்பாறைத் தோட்டத்து வேலை வந்தபோது நௌபர் அவளிடம் தயங்கித்தான் சொன்னார்.

"மழை அளக்குற கருவி பூட்டுற வேல. மண்சரிவுக்கு. ஒனக்கு மனசு கஷ்டம்னா நான் வேற ஆளப் பாக்குறேன்."

"நான்தான் போவேன் நானா," என்றாள் அவள்.

கருவிகளை வாங்கிக் கொடுத்தது வெளிநாட்டுத் தேவாலயம் ஒன்றின் உதவிச் சங்கம். பெருமழை ஒன்றில் நீர்ப்பாறையின் மேல்பிரிவான மேற்கணக்கில் லயத்துக்குப் பின்னால் மண் கொஞ்சம் சரிந்திருந்தது. லயத்தை வேறு இடத்துக்கு மாற்ற ஆண்டுகள் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் மலையைப் பார்த்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று சங்கத்துக்குப் பதுளையில் பொறுப்பாக இருந்த சஜீவனி அலைந்து திரிந்து இந்த ஏற்பாட்டைச் செய்திருந்தாள்.

ஏற்பாடு இதுதான். லயத்துக்கு மேலே, தேயிலை முடிந்து புல் தொடங்குகிற இடத்தில் ஒரு கம்பம். கம்பத்தின் உச்சியில் மழையளவி. அதனுள்ளே குட்டித் தராசு மாதிரி ஒரு தட்டு; நிறைந்ததும் கவிழும், கவிழ்வதை எண்ணும். மண்ணுக்குள்ளே நிலம் சாய்கிறதா என்று பார்க்கும் இரண்டு கருவிகள். எல்லாவற்றின் வயர்களும் கம்பத்தில் இருக்கும் ஒரு பெட்டிக்கு வரும். பெட்டிக்குள்ளே வெயிலில் சார்ஜ் ஆகிற ஒரு பெட்டரி, பக்கத்தில் புகையிலை டின் அளவு ஒரு ரௌட்டர். வீட்டில் இருக்கிற மாதிரி இல்லை. வெயிலும் ஈரமும் தாங்குகிற, ஃபெக்டரிகளுக்கென்று செய்த இரும்பு ரௌட்டர். அதற்குள் போன் சிம் இருக்கும். கருவிகள் சொல்வதை அது கேட்டு, சிம் வழியாக எங்கோ இருக்கிற சேர்வருக்கு அனுப்பும். அங்கே போனால் யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம்.

யார் வேண்டுமானாலும் என்பதில்தான் சண்டை தொடங்கியது.

ஜெபமலர் உரச் சாக்கை விரித்து உட்கார்ந்து, மடியில் கணினியை வைத்து ரௌட்டரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சிம் இன்டர்நெட்டைப் பிடிக்கிற பேரைக் கொடுத்தாள். எந்த வயரில் எந்தக் கருவி, எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை அதைக் கேட்க வேண்டும், சிக்னல் போனால் கணக்கைச் சேர்த்து வைத்துப் பிறகு அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பதிந்தாள். கடைசியில் சேர்வரின் முகவரி. அன்டெனாவைத் திருப்பித் திருப்பி லுணுகலைப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்தாள். பிறகு தன் தண்ணிப் போத்தலைத் திறந்து மழையளவியில் கொஞ்சம் ஊற்றினாள். தட்டு டக்கென்று கவிழ்ந்தது. போனில் ஒரு நீலக்கோடு எழும்பியது.

கொழுந்துக்கூடையோடு பார்த்துக்கொண்டு நின்ற தயானிக்குப் பொறுக்கவில்லை. தயானி மேற்கணக்கு லயத்துக்காரி. வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடுகிறவள்.

"இப்ப இது எங்க போயிருச்சு?"

"கிளவுட்டுக்கு அக்கா."

"கிளவுட்டுனா?"

"மேகம்னு அர்த்தம். சும்மா ஒரு பேரு."

தயானி மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். "மேகம் எங்க தலையில ஊத்துது. நீ அத மறுபடி மேகத்துக்கே அனுப்புற. நடுவுல நாங்க இருக்கோம்ல, எங்களுக்கு என்னாடி சொல்லுவ?"

ஜெபமலர் சிரித்தாள். சிரித்து முடிந்த பிறகும் கேள்வி அப்படியே இருந்தது.

ஏனென்றால் தோட்டத்தை நடத்தும் மேனேஜரான பெரிய தொரை கேட்டிருந்தது வேறு. கணக்கு கொழும்புத் தலைமை ஆபிசுக்கும் தன் போனுக்கும் மட்டும்தான் வர வேண்டும். மழை அளவு மிஞ்சினால் சேர்வர் அவருக்குச் செய்தி அனுப்பும். அவர் பார்த்து, யோசித்து, தேவைப்பட்டால் ஆட்களைக் கிளப்புவார். பொல்லாத மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. தோட்டத்திலேயே காலத்தைக் கழித்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார், ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கேட்டால் மறுக்கமாட்டார். ஆனால் தோட்டத்தில் எது நடந்தாலும் தன் கையால் நடக்க வேண்டும்.

"சேர், பெருமழ வந்தா மொதல்ல போறது கரண்ட்டு," என்றாள் ஜெபமலர், பங்களாவின் முன்னால் நின்றபடி. "கரண்ட் போனா கோபுரம் போகும். கோபுரம் போனா உங்க போனுக்கு ஒண்ணும் வராது. அதனால அளவு மிஞ்சுச்சான்னு இந்த ரௌட்டரே முடிவெடுக்கணும். அதுல ஒரு சங்கு பூட்டலாம். மேகத்தக் கேக்காம, போனக் கேக்காம, தானா ஊதும்."

"நோ, மிஸ். சும்மா சும்மா சங்கு ஊதினா சனம் பயந்துக்கும். வேல நின்னு போகும். சனங்கள பயமுறுத்தக் கூடாது."

ஜெபமலர் இந்தச் சொல்லை முன்பே கேட்டிருந்தாள். தன் அப்பா ஆபிசிலிருந்து திரும்பி வந்து, துண்டை உதறிவிட்டு, இதே சொல்லைச் சொன்னது அவள் கண்முன் வந்து நின்றது. பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு, இன்னொரு மலையில், இன்னொரு ஆளின் வாயில் அதே சொல்.

"பயம் இருந்தாதான் சேர் ஓடுவாங்க."

"இந்தத் தோட்டத்துல சங்கு ஊதுறது நான்."

"காலையில ஆள் எடுக்குற பெரட்டுக்கு நீங்க ஊதுங்க சேர். மழைக்கு இது ஊதட்டும்."

அவர் முகம் சிவந்தது. அவள் கும்பிட்டுவிட்டு இறங்கினாள். இறங்குகிற வழியிலேயே சஜீவனிக்குப் போன் போட்டாள். "இந்தப் பெட்டியே லயத்து ஆக்களுக்காக வந்தது மலர். அவங்களுக்குக் கேக்கணும்னா சங்கு பூட்டத்தான் வேணும். நான் பொறுப்பு," என்றாள் சஜீவனி.

தோட்டக் கட்டிடத்தில் பூட்டினால்தானே தொரை தடுப்பார்? அடிவாரத்தில் இருந்த மாதா கோயிலும் அது நின்ற காணியும் தோட்டத்துக்கு இல்லை, திருச்சபைக்குச் சொந்தம். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சிங்கராயர், "மாதா ஒண்ணும் சொல்லமாட்டா, கட்டும்மா" என்று மணிக்கூண்டைத் திறந்துவிட்டார். நௌபரின் கடையில் விற்காமல் கிடந்த, திருட்டுக்கு அலறுகிற சங்கு ஒன்றை அவள் கொண்டுவந்து பூட்டினாள். பெட்டியிலிருந்து கோயில் வரைக்கும் வயர் இழுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லயமே திரண்டு வந்து, நிழல் மரத்துக்கு நிழல் மரம் கட்டி இழுத்துக் கொடுத்தது. ஜெபமலர் ரௌட்டரில் இன்னும் இரண்டு காரியம் பதிந்தாள்: மழை அளவு மிஞ்சினால் பெட்டரியிலிருந்து சங்குக்குக் கரண்ட் கொடு; கணக்கைத் தலைமை ஆபிசுக்கு அனுப்புவது போலவே சஜீவனியின் சேர்வருக்கும் அனுப்பு. எதையும் ஒளித்துச் செய்யவில்லை. செய்ததை ஆபிசில் போய்ச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

ஐப்பசி பிறந்ததும் மத்தியான மழை தொடங்கியது. அந்த நாட்களில் ஜெபமலர் கடையில் எந்த வேலை செய்தாலும் ஒரு கண் போனில் இருக்கும். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நீலக்கோடுகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஏறின. பிறகு நின்றுவிட்டன. மழை நிற்கவில்லை, சிக்னல்தான் நின்றது என்று அவளுக்குப் புரிந்தது. தயானிக்குப் போன் போட்டாள், போகவில்லை. சிங்கராயருக்கும் போகவில்லை. "நானா, நான் போறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும், சங்குக்குப் போகிற வயரை இறுக்கினேனா இல்லையா என்பதையே மனம் திருப்பித் திருப்பிக் கேட்டது.

போய்ச் சேர்ந்தபோது மழை தூறலாகியிருந்தது. கோயிலுக்குள் லயம் முழுக்க இருந்தது. ஈரச் சாக்கு வாடை. பிள்ளைகள், கிழடுகள், இரண்டு ஆடு, யாரோ தூக்கிக்கொண்டு வந்த டிவி ஒன்று. சங்கு ஊதியிருந்தது. மலையில் பறித்துக்கொண்டிருந்த பெண்களில் முதலில் கூடையைப் போட்டவள் தயானி. "யார் போகச் சொன்னா?" என்று வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை கத்தியிருக்கிறார். "மழ சொன்னுச்சு" என்று தயானி திரும்பிக் கத்திவிட்டு, லயத்துக்குப் போய் மாமியாரைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறாள். எல்லோரும் வந்து சேர்ந்தாயிற்று.

மலை விழவில்லை.

மறுநாள் காலை வெளிச்சத்தில் சிங்கராயரோடு தள்ளி நின்று ஜெபமலர் பார்த்தாள். வெடிப்பு இல்லை, சரிவு இல்லை. குளித்துவிட்டு எழுந்த எருமை மாதிரி மலை பளபளவென்று நின்றது. அவளுக்குள்ளே ஒரு நினைப்பு ஓடியது: ஒரு ஓரமாக, ஆளில்லாத இடத்தில், கொஞ்சம் மண்ணாவது சரிந்திருக்கக் கூடாதா? அப்படியிருந்தால் ஒருவனும் வாயைத் திறக்கமாட்டானே. அடுத்த நொடியே சித்தியின் ஞாபகம் வந்தது. சீ என்று தன்னையே ஏசிக்கொண்டாள். வீம்புக்காக மலையை விழச் சொல்கிற ஆளாகிவிட்டேனே என்று வெட்கப்பட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மரத்திலிருந்து சொட்டிய மழைத்தண்ணி என்று நினைத்துச் சிங்கராயர் துண்டைக் கொடுத்தார்.

பெரட்டில் தொரை பேசினார். பாதியில் கூடையைப் போட்டு வந்தவர்களுக்கு அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் என்றார். சங்கும் பெட்டியும் கழற்றப்படும் என்றார். அன்று மாலையே நௌபருக்கும் சொல் போயிற்று: கழற்றாவிட்டால் நீர்ப்பாறையை நடத்தும் கம்பனியின் எந்தத் தோட்டத்திலும் இனி உங்கள் கடைக்குக் கெமரா வேலை இல்லை.

நௌபர் அன்று மத்தியானச் சோறும் சாப்பிட்டிருக்கவில்லை. "எனக்கு நாலு புள்ளைகள் ஈக்குது மலர்," என்றார் நிமிராமல். "பூட்டின கையால நீயே கழட்டிட்டு வந்துரு. வேற யாரையும் அனுப்ப எனக்கு மனசு வரல்ல."

அவள் அந்த ஒரு தடவை மட்டும் முடியாது என்று சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் அவள் மலையேறி வருவதைக் கண்டதும் தயானி பாதையை மறித்தாள். பின்னால் இன்னும் பத்து இருபது பெண்கள், தலையில் சாக்கோடு.

"கழட்டவா வந்த?"

"கழட்டச் சொல்லித்தான் அனுப்புனாங்க."

"கைய வச்சுப் பாரு. சங்க எங்க கூரையில பூட்டலடி, நெஞ்சுல பூட்டியிருக்க."

"அரைப்பேர் போச்சே, கோவம் இல்லையா அக்கா?"

"போகட்டும்! போன தடவ மண்ணு சரிஞ்சப்ப என் மாமியார் கட்டில்லயே கெடந்துச்சு, யாரு வந்து எழுப்புனா? இந்தத் தடவ யாரும் எழுப்பாம நாங்களே எறங்கி வந்தோம். அதுக்கு ஒரு அரைப்பேர் அதிகமா?"

ஜெபமலர் பையைத் தரையில் வைத்தாள். கம்பத்தின் கீழே, ஈரப் புல்லில், கால் நீட்டி உட்கார்ந்தாள். தயானி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். யாரும் பேசி வைத்துச் செய்யவில்லை.

கொஞ்ச நேரத்தில் தொரையின் ஜீப் கீழே வந்து நின்றது. குடையோடு ஏறி வந்தார்.

"மிஸ், என்னா இது?"

"கழட்டமாட்டேன் சேர்."

"மழ பெஞ்சுது, சரி. கணக்கும் பொறகு வந்துச்சு, நானும் பாத்தேன். ஆனா மலை விழுந்துச்சா? விழல. அப்ப ஊதினது பொய்தானே?"

"விழாதது நல்லதுதானே சேர்? பத்துத் தடவ ஊதி ஒம்பது தடவ விழாட்டி, பத்துத் தடவயும் நாங்க உயிரோட இருப்போம்."

"இது நானும் நௌபரும் பேசி முடிச்ச விஷயம்."

ஜெபமலர் போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி, கடைக்கு அழைத்தாள்.

"நானா, நான் கம்பத்துக்குக் கீழ இருக்கேன். என்னயச் சுத்தி லயத்துப் பொம்பளைங்க உக்காந்திருக்காங்க. தொரையும் இருக்காரு. நீங்க கழட்டுன்னு சொன்னா, அவங்க முன்னாலயே சொல்லுங்க. நான் கழட்டமாட்டேன், நீங்க வேற ஆள அனுப்பலாம், என்னய வேலைய விட்டும் அனுப்பலாம்."

கடைக்கு வெளியே பஸ் ஒன்று ஹோர்ன் அடிப்பது போனில் கேட்டது.

"அங்க மழ பெய்யுதா?" என்றார் நௌபர் கடைசியில்.

"பெய்யுது நானா."

"அப்ப இருக்கட்டும். மழையோட யாரும் கழட்டமாட்டாங்க."

"வெயில் வந்தா?"

"வெயில் வந்தாலும் இருக்கட்டும்மா. வை போன."

பெண்கள் சிரித்தார்கள். தொரை சிரிக்கவில்லை. குடையை மடக்கி, மறுபடி விரித்து, இறங்கிப் போனார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. அரைப்பேர் திரும்பி வரவே இல்லை. சொன்னபடியே கம்பனி நௌபரின் கடைக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டது. அந்த வருஷம் கடை தள்ளாடித்தான் நின்றது. ஜெபமலர் டவுனில் வீடு வீடாக இன்டர்நெட் பூட்டி ஓட்டினாள். நௌபர் ஏசுவதை இரட்டிப்பாக்கினார், ஆனால் நீர்ப்பாறையைப் பற்றி ஒருநாளும் குறை சொல்லவில்லை. மேற்கணக்கு லயத்துக்கு மாற்று வீடு இன்னும் வரவில்லை.

மழை அளவைக் கொஞ்சம் உயர்த்திவிட்டால் சங்கு அடிக்கடி ஊதாதே என்று சஜீவனி கேட்டபோது, ஜெபமலர் அதைத் தான் முடிவெடுக்காமல் கோயிலில் வைத்து லயத்தைக் கேட்டாள். "மழையில ஓடுறதுக்கு எங்களுக்கு ஆசையா? இருந்தாலும் ஒசத்தாத," என்றார்கள். அவர்கள் சொன்னபடியே விட்டாள்.

சங்கு பிறகு இரண்டு தடவை ஊதியது. இரண்டு தடவையும் மலை அசையவில்லை. இரண்டு தடவையும் எல்லோரும் இறங்கினார்கள். இரண்டாவது தடவை கணக்கப்பிள்ளையின் மனைவி பிள்ளைகளோடு முதல் ஆளாகக் கோயிலுக்குள் வந்து உட்கார்ந்திருந்தாளாம். பின்னாலேயே கணக்கப்பிள்ளையும் வந்து, யாரையும் பார்க்காமல், பீடத்துக்குப் பக்கத்தில் நின்றாராம். தயானி அவருக்கு நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு, "மழ சொன்னுச்சுங்களா?" என்று கேட்டாளாம்.

தை மாதம் தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து நாலு பெண்கள் நௌபரின் கடைக்கு வந்தார்கள். கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சங்கு பூட்டுகிற பொண்ணு யார் என்று கேட்டார்கள். ஏணி மேல் நின்று கெமராவுக்கு வயர் சொருகிக்கொண்டிருந்த ஜெபமலர் அங்கிருந்தபடியே கேட்டாள்.

"உங்க தொரை சம்மதிச்சாரா?"

"இல்லிங்க," என்றாள் ஒருத்தி.

"சரி, உக்காருங்க. எறங்கி வாறேன்."